நாலாவது வீட்டுத் தண்ணி

நான் முடிவெடுத்திட்டன். வாற ஞாயிறு நானும் திருந்தப்போறன்.

எல்லாத்துக்கும் காரணம் ஒரு கொரியாக்காரன். என்ரை மனிசி பிரியவதனி போனில பார்க்கிற நாடகத்தின்ரை கதாநாயகன். பணத்திமிர் பிடிச்சவன். காரால ஆரையோ இடிச்சதுக்கு நீதவான் அவனை ஆறு மாசம் தொண்டு செய்ய அனுப்புறார். மூண்டாம் எபிசோட்டில தனிச்ச கிழவியளுக்கு அடுப்புக்கரி சுமந்துகொண்டு மலை ஏறுறான். எட்டாம் எபிசோட்டில மழை பெய்யும், அழுவான், திருந்துவான். எல்லா நாடகமும் இதுதான், தலைமயிர்தான் வேறை. மனிசி ஒவ்வொருக்காவும் மூக்கைச் சிந்துறா.

"என்ன மாதிரிச் சுமக்கிறான் பாருங்கோ," எண்டு சொல்லிப்போட்டு என்னைப் பார்த்தா.

வேலணையில எங்கட வளவுக் கிணறு உவர். குடிதண்ணி கோயிலடிக் கிணற்றில அள்ளிச் சைக்கிளில கொண்டுவர வேணும். அது என்ரை வேலை. மூண்டு வருசத்துக்கு முந்தி எனக்குத் தோள்மூட்டு நோ வந்தது. ரெண்டு கிழமையில நோ என்னை விட்டிட்டுது. நான்தான் நோவை விடேல்லை. அண்டு தொட்டு தண்ணிக்குப் போறது அவதான்.

சனசமூக நிலையத்துத் தொண்டுக்குப் போகப்போறன் எண்டு அறிவிச்சன்.

"தோள்?"

"நான் கொப்பியில பேர் பதியிற வேலைதான் கேட்கப்போறன். அதுக்குத் தோள் எதுக்கு?"

"ஓம், போட்டு வாங்கோ," எண்டு உடனேயே விட்டிட்டா. அதிலயே எனக்கு விளங்கியிருக்க வேணும்.

ஞாயிறு போனால், கொப்பி செயலாளர் சிவக்கொழுந்து அக்காவின்ரை கையில. எனக்குக் கிடைச்சது ரெண்டு தண்ணிக் கான். தண்ணி அள்ள ஆளில்லாத வீடுகளுக்குக் குடிதண்ணி குடுக்கிற தொண்டாம். நாலு பொம்பிளையள் பார்த்துக்கொண்டு நிக்கினம். ஒருத்தி வீடியோ எடுக்கிறா. ரோசம் வந்திட்டுது. ரெண்டு கானையும் ஒரே மூச்சில தூக்கினன். கை தட்டிச்சினம். சத்தியமாய் எனக்கு மழை பெய்யிறமாதிரியே இருந்தது.

மூண்டு வீடு முடிஞ்சுது. ஒரு கிழவி என்ரை தலையைத் தடவி, நல்லாயிரு ராசா எண்டா. எனக்கு உண்மையாவே கண் கலங்கிப்போச்சு. நாலாவது வீடு எதெண்டு உற்சாகமாய்க் கேட்டன்.

கூட வந்த அக்கா கொப்பியைப் பார்த்து வாசிச்சா. "பிரியவதனி. வெள்ளிக்கிழமை வந்து பதிஞ்சவ. புருசன் இருக்கிறார், பாரம் தூக்க ஏலாதவர்."

தோள் நோகுது எண்டால் வீடியோ விடாது. நோகேல்லை எண்டால் மனிசி விடமாட்டா. சைக்கிளை எங்கட வீட்டுப் பக்கம் மிதிச்சன்.

மனிசி படலையைத் திறந்துகொண்டு நிண்டா. அவவின்ரை போனில, அந்த வீடியோவில, நான் கான் தூக்கிக்கொண்டு நிண்டன். ரெண்டு கானையும் குசினி அடுப்படியில வைப்பிச்சா. அக்கா நீட்டின கொப்பியில கையெழுத்தும் வைச்சா.

"அந்தப் பெடியன்ரை தொண்டு கடைசி எபிசோட்டில முடியுதெல்லே?" எண்டு ஒரு நப்பாசையில கேட்டன்.

"ஓம். முடிஞ்சு வீட்டை போறான். நீங்கள்தான் வீட்டை வந்திட்டியளே. நாளைக்கு மூண்டு கானாய்க் கொண்டு வாங்கோ."