பின் சீட்டில் மாலையோடு ஒரு துப்பாக்கி

சட்டம் தெரியாமல் போலீசிடம் மாட்டிக்கொள்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். "தெரியாதுங்க" என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு ஒரு வார்த்தையாவது மிஞ்சுகிறது. நான் சட்டத்தை வரிக்கு வரி படித்து, பரீட்சை எழுதி, ஒரு கேள்விகூடத் தப்பு விடாமல் பாஸ் பண்ணி, அதற்கப்புறம் மாட்டினவன்.

ஆக்லாந்தில் எங்கள் வீடு பிளாட் புஷ்ஷில். எனக்கு வேலை மனுரேவாவில் ஒரு கிடங்கில், கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது. திங்கட்கிழமை காலை டீ நேரத்தில், கூட வேலை பார்க்கும் கிரெய்க் தான் மான் வேட்டைக்குப் போன கதையைச் சொல்வார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ லீவுல என்ன பண்ணினே?" என்பார். "புல்லு வெட்டினேன்" என்பேன். மூன்று வருடம் புல் வெட்டிய பிறகு ஒரு முடிவுக்கு வந்தேன். இனி நானும் மான் சுடுவேன். (சுட்ட மானை என்ன செய்வது என்று யோசிக்கவில்லை. எங்கள் அடுப்பில் கோழியைத் தாண்டி எதுவும் வெந்ததில்லை.)

இங்கே துப்பாக்கி லைசென்ஸ் சும்மா கிடைக்காது. வகுப்பு, பரீட்சை, வீட்டில் பூட்டு போட்ட இரும்புப் பெட்டி. எல்லாம் முடிந்தபின் ஒரு போலீஸ் அதிகாரி வீட்டுக்கே வந்து, மனைவியைத் தனியாக உட்காரவைத்து, "இவரை நம்பித் துப்பாக்கி கொடுக்கலாமா?" என்று கேட்பார். என் மனைவி கவிதா நர்ஸ், அளந்துதான் பேசுவாள். "ரொம்ப ஜாக்கிரதையான மனுஷன்" என்று எனக்காக வாக்குக் கொடுத்தாள். லைசென்ஸும் வந்தது, துப்பாக்கியும் வந்தது.

வந்த வாரம் ஆயுத பூஜை. நாலு தலைமுறையாக எங்கள் வீட்டில் அரிவாள்மணைக்கும் சைக்கிளுக்கும்தான் பொட்டு வைத்திருக்கிறோம். முதல்முறையாக ஆயுதம் என்று சொல்லத்தக்க ஒன்று கையில் இருக்கிறது, விடுவேனா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் துப்பாக்கிக்கு மூன்று பட்டை விபூதி, மரப்பிடியில் கனமாகச் சந்தனம், நடுவில் குங்குமம், கழுத்தில் (துப்பாக்கிக்கு எது கழுத்து என்று அன்று நானே தீர்மானித்தேன்) சாமந்தி மாலை. பூஜை முடிந்ததும் மாலையோடேயே பெட்டியில் வைத்துப் பூட்டினேன். மறுநாள் விஜயதசமி. எந்தக் கலையையும் தொடங்க அதைவிட நல்ல நாள் இல்லை. கிளென் ஈடனில் இருக்கும் கிரெய்க் வீட்டுக்குப் போய், அங்கிருந்து சுடும் பயிற்சிக்குப் போவதாக ஏற்பாடு.

காலையில்தான் சிக்கல். துப்பாக்கிக்கென்று வாங்கின பை இருக்கிறது. ஆனால் பைக்குள் திணித்தால் சந்தனம் உதிரும், மாலை நசுங்கும். பின் சீட்டில் நீட்டிப் படுக்கவைத்து சீட் பெல்ட் போட்டேன்.

"என்னங்க, வெளிய தெரியுதே" என்றாள் கவிதா. "வெளியே தெரியக் கூடாதுன்னு நீங்கதானே ராத்திரியெல்லாம் படிச்சீங்க?"

"குண்டை வெடிக்க வைக்கிற போல்ட்டைக் கழட்டிப் பாக்கெட்ல வெச்சிருக்கேன். தோட்டா டிக்கியில தனியாப் பூட்டியிருக்கு. அது ரெண்டும் இல்லாம இது வெறும் கம்பி."

"ஒரு துண்டாவது போத்துங்க."

"சாமி முன்னாடி வெச்சதைப் பொணம் மாதிரி மூடச் சொல்றியா? மறைச்சாத்தான் போலீசுக்குச் சந்தேகம் வரும். தெரியிற மாதிரி வெச்சா நேர்மையான ஆள்னு புரிஞ்சுக்குவாங்க."

எங்கள் மகள் நிலா வாசலில் நின்று, "அப்பா, திஸ் இஸ் அ பேட் ஐடியா" என்றாள். அவளுக்கு ஒன்பது வயது. வயதில் சின்னவர்கள் பேச்சை நான் அப்போதெல்லாம் கேட்பதில்லை.

கிளென் ஈடனை நெருங்கும்போது சிக்னலில் பக்கத்துக் காரில் ஒரு பெண்மணி என் பின் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மாலையை ரசிக்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்காததால், தெளிவாகத் தெரியட்டும் என்று துப்பாக்கியைக் கையால் சுட்டிக் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு போனை எடுத்தார்.

கடைத்தெருவுக்குப் போவதற்குள் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு போலீஸ் கார்கள். கையை உயர்த்திக்கொண்டு இறங்கு, பின்பக்கமாக நட, முட்டி போடு என்று ஒலிபெருக்கியில் உத்தரவு. இறங்கும்போது மடியிலிருந்த சுண்டல் டப்பா (கிரெய்க்குக்குப் பிரசாதம்) கவிழ்ந்தது. நான் முட்டி போட்டது கொண்டைக்கடலை மேல். போல்ட் எங்கே என்று கேட்டார்கள். உதவி செய்யும் ஆர்வத்தில், "இதோ" என்று கையைப் பாக்கெட்டுக்குக் கொண்டுபோனேன். அவர்கள் போட்ட சத்தத்தில் இரண்டு கையும் தானாக மறுபடி மேலே போய்விட்டன.

எல்லாம் அடங்கியபின் ஒரு பெண் அதிகாரி வந்தார். "ஏன் இதை வெளியே தெரியும்படி கொண்டுவந்தீர்கள்?"

"மறைத்தால் நீங்கள் சந்தேகப்படுவீர்கள் என்றுதான்."

என் நெற்றி விபூதியை, மாலையை, சுண்டலை வரிசையாகப் பார்த்தார். "மறைக்கச் சொல்வதே நாங்கள்தான்" என்றார்.

துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, லைசென்ஸை நிறுத்திவைத்தார்கள். கிரெய்க்குக்கு இனி என்ன கதை சொல்வது என்றெல்லாம் தோன்றவில்லை. கவிதா முகத்தில் எப்படி விழிப்பது என்றுதான் தோன்றியது. எனக்காக அவள் கொடுத்த ஒரே வாக்கை நடுரோட்டில் முட்டி போடவைத்துவிட்டேன். பயத்தைவிட வெட்கம்தான் பெரிதாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து அதே பெண் அதிகாரி வீட்டுக்கு வந்தார். லைசென்ஸைத் திருப்பிக் கொடுப்பதா, ஒரேயடியாக ரத்து செய்வதா என்று முடிவு செய்ய வேண்டுமாம். மறுபடியும் கவிதாவிடம் தனியாகப் பேச வேண்டும் என்றார். என்னைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டார்கள். நானும் நிலாவும் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றோம்.

"இவர் கையில் துப்பாக்கி இருந்தால் யாருக்காவது ஆபத்து உண்டா?"

கவிதா நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"இல்லைங்க" என்று ஆங்கிலத்தில் அவளுக்கே உரிய பணிவோடு ஆரம்பித்தாள். "மானுக்கே ஆபத்து இருக்கும்னு எனக்குத் தோணலை."

அதிகாரி அதை ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டதாக நிலா சாவித் துவாரம் வழியாகப் பார்த்துச் சொன்னாள். அடுத்த வாரம் கடுமையான எச்சரிக்கைக் கடிதம் ஒன்றும், கூடவே லைசென்ஸும் வந்தன.

வீட்டுக்கு யார் வந்தாலும் காபிக்கு முன்னால் நிலா இந்தக் கதையைத்தான் பரிமாறுகிறாள். கடைசி வரிக்கு அம்மாவைக் கூப்பிட்டு, அவள் வாயாலேயே சொல்லவைக்கிறாள். நான்கு வருடமாக கிரெய்க்கோடு மலை ஏறி இறங்குகிறேன். துப்பாக்கி பைக்குள், பை டிக்கிக்குள், எல்லாம் சட்டப்படி. இதுவரை ஒரு மான்கூட விழவில்லை. கவிதா போலீசுக்குக் கொடுத்த வாக்கு அப்படியே நிற்கிறது. அதைப் பொய்யாக்காமல் விடுவதில்லை என்று அடுத்த சனிக்கிழமையும் கிளம்புகிறேன். கட்டுச்சோறு கட்டிக் கொடுப்பவள் அவள்தான்.