தகப்பன் வழியில் மூன்று பேர்

சேசு மரி சூசை துணை

புதுச்சேரி
1934 செப்டம்பர் 10, திங்கட்கிழமை

வில்லியனூரில் வசிக்கும் என் பெரியப்பா மகன், மரியாதைக்குரிய தனிஸ்லாஸ் அண்ணன் அவர்களுக்குத் தம்பி அமலநாதன் எழுதிக்கொண்டது.

இவ்விடம் நலம் என்று தொடங்குவது முறை. நலமில்லை. அவ்விடத்து நலத்தை ஒன்பது வருஷமாகக் கேட்காதவன் இன்று திடீரென்று கேட்டால் தாங்கள் சந்தேகப்படுவீர்கள். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

வருகிற வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, என் மகள் பெர்னதெத் யாரிடம் வளர்வது என்று சமாதான நீதிபதி முன்னிலையில் தீர்மானிக்கப் போகிறார்கள். போன வருஷம் என் மனைவி ஸ்டெல்லாமேரி காய்ச்சலில் போன பிறகு, "ஆம்பள தனியா என்ன பண்ணுவீங்க, ஒரு மாசம் புள்ள எங்கிட்ட இருக்கட்டும்" என்று அவள் அக்கா ரோசா குழந்தையைச் சாரத்தில் உள்ள தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். அந்த ஒரு மாசம் முடியப் பதினாலு மாசமாகியும் போதவில்லை. திருப்பிக் கேட்டதற்கு, நான் ஊரில் எல்லோரோடும் சண்டை பிடிப்பவன், என் வீட்டில் பிள்ளை வளராது என்று மனுக் கொடுத்துவிட்டாள். பிரெஞ்சுச் சட்டப்படி இதற்குக் குடும்ப சபை கூட வேண்டுமாம். தாய் வழியில் மூன்று பேர், தகப்பன் வழியில் மூன்று பேர். ரோசாவுக்கு ஒரே நாளில் பதினோரு பேர் சேர்ந்து, எட்டுப் பேரை வீட்டுக்கு அனுப்பினாளாம். எனக்கு ஒருவரும் அகப்படவில்லை. "உறவினர் இல்லாவிட்டால் நண்பர்களை உட்கார வைக்கலாம்" என்றார் கோர்ட்டுக் குமாஸ்தா. அதற்கு உறவினர்களே தேவலை என்று வந்துவிட்டேன்.

முதலில் பிள்ளைச்சாவடிக்கு, நம் அந்தோணி சித்தப்பாவிடம் போனேன். பூசையில் அவர் பாடுவது பக்திக்கு இடைஞ்சல் என்று ஆறு வருஷத்துக்கு முன் நான் பங்குச் சாமியாருக்கு எழுதியது தங்களுக்குத் தெரியும். அதில் ஒரு வார்த்தைகூட மிகையில்லை. கதவைத் திறந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"செத்தா சொல்லி அனுப்புன்னு போனவன்தானே நீ? யாருடா செத்தா?"

"யாரும் சாவல, சித்தப்பா."

"அப்புறம் எதுக்கு வந்த?"

சொன்னேன். நெடுநேரம் மீசையைத் தடவிவிட்டு, "வர்றேன். ஆனா ஞாயித்துக்கெழம நீ மொத வரிசையில உக்காந்து நான் பாடுறத கேக்கணும்" என்றார். நேற்று கேட்டேன். ஸ்டெல்லாமேரி அடக்கத்தன்றுகூட நான் அவ்வளவு தலைகுனிந்து உட்கார்ந்ததில்லை.

அடுத்த ஆளுக்கு, தங்களைத் தவிர உறவுக்காரர் யாரும் மிஞ்சவில்லை. ஆகவே பக்கத்து வீட்டு அரிகிருஷ்ணனை நண்பராகக் கருதத் தீர்மானித்தேன். அவர் சேவல் விடியுமுன் கூவுவதைத் தேதிவாரியாகக் குறித்து முனிசிபாலிட்டிக்கு நான் பதினேழு மனுக்கள் போட்டிருக்கிறேன். பெருந்தன்மையாக, சேவல் விஷயத்தை மறந்துவிட்டதாக அறிவித்தேன். "அத அடிச்சுக் கொழம்பு வெச்சு ரெண்டு வருஷமாச்சு முசியே. இப்போ காலையில கத்துறது எங்க மச்சான். எழுதி வெச்சிருக்கீங்களா?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஆனாலும், "பாப்பா வரட்டும், எங்க வூட்டுப் பசங்க தெனம் கேக்குதுங்க" என்று ஒப்புக்கொண்டார்.

மூன்றாவது நாற்காலி தங்களுடையது. பெர்னதெத்துக்குத் தாங்கள் ஞானத்தகப்பன். அவள் ஞானஸ்நான விருந்தில், நூறு பேர் நடுவில், இலையைத் தள்ளி, "கொழம்புல உப்பே இல்லியே தம்பி" என்றீர்கள். குழம்பில் உப்பு அளவாக இருந்தது என்று இன்றைக்கும் பைபிளில் கை வைத்துச் சொல்வேன். அதைத் தாங்கள் ஒப்புக்கொள்ளும்வரை தங்கள் வாசலை மிதிப்பதில்லை என்று சொன்ன சொல்லிலும் மாற்றமில்லை. ஆகவே வியாழக்கிழமை காலை ரயிலில் வந்துவிடுங்கள். நான் ஸ்டேஷனில் நிற்பேன். பேச வேண்டியதில்லை, தலையசைத்தால் போதும். நீதிபதி கேட்டால், அமலநாதன் யாரோடும் பகை வைத்துக்கொள்பவன் அல்ல என்று மட்டும் சொல்லிவிட்டு, மாலை ரயிலில் திரும்பிவிடலாம். குழந்தைக்குப் புதுக் கட்டில் வாங்கிப் போட்டிருக்கிறேன். அதன்மேல் விரித்த துணியை இன்று மட்டும் நாலு தடவை உதறிவிட்டேன்.

தாங்களும் அண்ணியும் பிள்ளைகளும் தேவமாதாவின் நிழலில் குறைவின்றி இருக்க வேண்டும். என் பகையில் அண்ணி சேர்த்தியில்லை.

தங்கள் தம்பி,
அமலநாதன்

பின்குறிப்பு: பென்சிலில் எழுதுவதற்கு மன்னிக்கவும். தபாலாபீசுக்குப் புறப்பட்டவன் சாரத்துக்குப் போய்விட்டேன். பெர்னதெத் வாசலில் நின்றாள். வியாழக்கிழமை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவேன் என்றேன். ஜடை முனையைக் கடித்துக்கொண்டே நின்றாள்.

"நான் எதனா தப்பு பண்ணிட்டா, எங்கூடவும் பேச மாட்டீங்களாப்பா?"

"யாரு சொன்னது, பெரியம்மாவா?"

"யாரும் சொல்லல. நானேதான் நெனச்சேன்."

அங்கிருந்து நடக்க ஆரம்பித்தவன் வில்லியனூர் வந்துதான் நின்றேன். இதைத் தங்கள் தெருமுனையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அண்ணி கையில் கொடுத்துவிட்டு வாசலில் நிற்பேன். வியாழக்கிழமை பத்து மணி என்பதை விட்டுவிட்டு மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிடுங்கள். நீதிபதியிடம் பொய்யும் சொல்ல வேண்டாம். கூப்பிட்டால் உள்ளே வருகிறேன். பசிக்கிறது.

குழம்பில் உப்பு இல்லைதான், அண்ணா. அன்று நானும் சாப்பிட்டேனே.