சிஸ்டத்தில் சிவந்த குழந்தை

கூலாய் ஊரில் குழந்தைகள் பல நிறத்தில் பிறக்கின்றன. ஷாமளா வீட்டு ஓவனில் வேகும் குழந்தைகள் மட்டும் ஒரே நிறத்தில்தான் வெளியே வரும். சிவப்பு. மிளகாய்ச் சிவப்பு இல்லை. பெண் பார்க்கப் போகிறவர்கள் சொல்கிற சிவப்பு.

அவள் செய்வது ரீபார்ன் பொம்மை, அச்சு அசல் பச்சைக்குழந்தை போலவே இருக்கும். தலை, கை, கால் எல்லாம் வெற்று வினைலாகப் பெட்டியில் வரும். நீல நரம்பு, கன்னத்து ரத்தம், கொசு கடித்த தடிப்பு என்று சாயத்தை மெல்லிசாகப் பூசிப் பூசி, ஒவ்வொரு பூச்சுக்கும் ஓவனில் வைத்து எடுக்க வேண்டும். அழுகை, இதயத் துடிப்பு எல்லாம் பேட்டரியில் கிடைக்கும். வாங்குகிறவர்கள் கடைசியில் தவறாமல் சொல்வார்கள்: "கன்னத்துல திருஷ்டிப் பொட்டு வச்சிடுங்க. கண்ணு பட்டுடும்."

ஷாமளாவின் சொந்த மகள் ரூபினி, எட்டு மாதக் குழந்தை, அம்மாவின் கறுப்பு நிறம். அவளுக்குப் பொட்டு வைக்கப் போனபோது மாமியார் தடுத்துவிட்டார். "இந்தக் கலருக்கு யாரு கண்ணு வைக்கப் போறா? மையை வீணாக்காத."

பொம்மைக்குப் பொட்டு உண்டு, பிள்ளைக்குக் கிடையாது என்ற நடைமுறை அவ்வீட்டில் இவ்வாறு அமலுக்கு வந்தது.

ஒருநாள் காலை, கறிவேப்பிலை கேட்க வந்த பக்கத்து வீட்டு அங்கம்மா சமையலறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். ஓவனுக்குள் ஒரு பச்சைப்பிள்ளைத் தலை, நிம்மதியாக வெந்துகொண்டிருந்தது.

"அலமாக்!" என்று அலறிக்கொண்டே ஃபோனை எடுத்தார்.

மத்தியானமே 'குழந்தை நலன் உறுதிப்பாட்டுப் பிரிவு' அதிகாரி கமலநாதன், கையில் டேப்லட்டுடன் எழுந்தருளினார். பின்னாலேயே அங்கம்மாவும் வந்தார். புகார் கொடுத்தவருக்கு வேடிக்கை பார்க்கும் உரிமை உண்டல்லவா?

ஷாமளாவைப் பயம் பிடித்துக்கொண்டது. கணவன் விஜயன் பாசிர் கூடாங் தொழிற்சாலையில் வேலையில் இருந்தான். ஃபோன் லாக்கரில் இருக்கும். கான்வெண்டில் படித்த பழக்கத்தில், பேசுவதற்கு முன் கையை உயர்த்தினாள்.

"கடைசியில பேசலாம்மா," என்றார் அதிகாரி. "புகார்ல ஒரு குழந்தை. அது நல்லா இருந்தா ஃபைலை மூடிடுவேன். மத்த தலை, கை, கால் எல்லாம் சாட்சிப் பொருள். ஆபீசுக்கு வரும்."

தொட்டிலில், படம் எடுப்பதற்காக ரோஸ் கவுன் மாட்டிய பொம்மை கிடந்தது. கன்னத்தில் பொட்டு, இன்னும் ஓவனில் சுடாத ஈர மை. கீழே பாயில், பொம்மைக் கைகால்களுக்கு நடுவே, வெறும் பேம்பர்சோடு ரூபினி தூங்கிக்கொண்டிருந்தாள்.

கமலநாதன் தொட்டிலில் குனிந்தார். "நல்ல சிவப்பு. சத்தமே போடாத பிள்ளை. வளர்ப்பு அப்படி." டேப்லட்டைத் தட்டினார்: குழந்தை, சிவப்பு, நலம்.

பிறகு ரூபினியைத் தூக்கினார். "இது சரியா வரல தங்கச்சி. இந்தக் கலர் விக்காது." சாட்சிப் பெட்டிக்குள் இறக்கினார்.

"சார், அது என் மக!"

"மக தொட்டில்ல இருக்கா."

"அது பொம்மை சார்!"

"பொம்மைக்கு யாராச்சும் பொட்டு வைப்பாங்களா?"



ரூபினி விழித்து, வீடு அதிர அழுதாள். அதிகாரி தலையை ஆட்டினார். "நல்ல பேட்டரி."

"நெஞ்சைத் தொட்டுப் பாருங்க சார், துடிக்குது!"

"துடிக்கும்னு நீங்கதானே விளம்பரத்துல போட்டிருக்கீங்க?"

பெட்டியிலிருந்து ஈரம் கசிந்தது. "தண்ணி வசதி வேறயா? இதுக்கு லைசென்ஸ் இருக்கா?"

"ஆன்டி, தினமும் தூக்கிக் கொஞ்சுறீங்களே, நீங்களாச்சும் சொல்லுங்க!"

அங்கம்மா தொட்டிலைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "சார் படிச்சவரு லா. எதுக்கும் பொட்டு இருக்கறதே புள்ளையா இருக்கட்டும்."

கமலநாதன் பெட்டியை ஒட்ட டேப்பைக் கிழித்தார்.

அந்தச் சத்தத்தில் ஷாமளாவின் பயம் எங்கேயோ போனது. கையைத் தூக்கவில்லை. அனுமதி கேட்கவில்லை. பிரஷ்ஷைக் கறுப்பில் தோய்த்து, அழுகிற மகளின் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தாள்.

"என்னம்மா இது! இப்ப ரெண்டு குழந்தை ஆயிடுச்சே. புகார்ல ஒண்ணுதான்!"

அவள் பஞ்சை தின்னரில் நனைத்துப் பொம்மையின் பொட்டைத் துடைத்து எடுத்தாள்.

அதிகாரி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். சட்டம் தெளிவாக இருந்தது. ரூபினியை இரண்டு கையாலும் மரியாதையாக எடுத்துக் கொடுத்தார். ஷாமளா இறுக்கிய இறுக்கில் பிள்ளை இன்னும் வீறிட்டது.

"ஆனா சிஸ்டத்துல சிவப்புன்னு ஏறிடுச்சே."

"மாத்திடுங்க சார்."

"நிறத்தை மாத்த மேலிட அனுமதி வேணும். அது வர்ற வரைக்கும் குழந்தை எங்க பாதுகாப்புல இருக்கணும்." ஷாமளாவின் முகம் போன போக்கைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ஒரு வழி இருக்கு. ஃபோட்டோ சிஸ்டத்தோட ஒத்துப்போனா போதும்."

படம் எடுத்தார். திரையில் விரலை இழுத்தார். ரூபினி வெளுத்தாள், மேலும் வெளுத்தாள். கடைசியில் கொழுக்கட்டை மாவில் பொட்டு வைத்தது போல ஆனாள். டேப்லட் மணியடித்தது. ஃபைல் மூடியது.

"அடடா," என்றார் எட்டிப் பார்த்த அங்கம்மா, "இப்பதானே புள்ளைக்கு முகமே தெரியுது!"

கமலநாதன் வாசலில் செருப்பை மாட்டினார். தோளில் சாய்ந்திருந்த மகளின் ஈரக் கன்னம் ஷாமளாவின் கழுத்தில் சூடாக இருந்தது. ஷாமளாவின் கண் மட்டும் அவர் கையிலிருந்த திரையை விட்டு நகரவில்லை.

மெல்லக் கையை உயர்த்தினாள்.

"இன்னும் என்னம்மா?"

"சார்... அந்தப் படத்த எனக்கும் வாட்ஸ்அப்புல அனுப்புறீங்களா? எங்க மாமியாருக்குக் காட்டணும்."