பாரத்தில் மூன்று வகை

மரியாதைக்குரிய மாப்பிள்ளை மகுடேஸ்வரன் அவர்களுக்கு,

திருப்பூரிலிருந்து மாமன் கிட்டுசாமி எழுதுவது. இங்கே நான் சுகம். காங்கேயத்தில் நீங்கள், மகள் தரணி, பேரன்கள் எல்லோரும் சுகமாக இருக்க அவிநாசியப்பனை வேண்டுகிறேன். இது என் சொந்தக் கையெழுத்து, முதியோர் வகுப்பில் கற்றது. இதுவரை எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று. போனில் அரை நிமிடம்தான், ஆனாலும் எழுத்தில்தான் ருசி.

போன வாரம் போனில், "அத்தை இன்னொரு வருசம் இங்கயே இருக்கட்டுங்களா மாமா" என்று கேட்டீர்கள். "தாராளமா இருக்கட்டுங்க" என்றேன். மாப்பிள்ளை வாய்விட்டுக் கேட்டு இல்லை என்று சொல்லும் வழக்கம் நம்மில் இல்லை. சின்னப் பேரன் பிறந்தபோது ஒரு மாதத்துக்கு என்று போனவள், ஐந்து மாதமாக அங்கே இருக்கிறாள். இருக்கட்டும்.

நான் இப்போது இங்கிலீஷும் படிக்கிறேன். எங்கள் பனியன் கம்பெனியில் பேக்கிங் பார்க்கும் சரவணக்குமார் சொல்லித் தருகிறான். பொத்தான் பெட்டி சின்னது, ஆனால் இடுப்பை ஒடிக்கும், அது ஹெவி. குளிர்ச்சட்டைப் பெட்டி என் உயரம், ஒரு கையில் தூக்கலாம், கதவில்தான் நுழையாது, அது பல்கி. ஹேங்கர் கட்டு கனமும் இல்லை, பெரிதும் இல்லை, ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு பிடிக்கு அடங்காது, அது கம்பர்சம். இத்தனை நாளும் எல்லாவற்றையும் பாரம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டேன்.

ஊட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். கேஸ் சிலிண்டர் ஹெவி. மெத்தை பல்கி. துவைத்த போர்வையை ஒற்றை ஆளாகப் பிழிவது கம்பர்சம், மறுமுனையை முறுக்க இன்னொரு கை வேண்டும். ஜன்னல் கம்பியில் கட்டி முறுக்கினேன், கம்பி கையோடு வந்துவிட்டது. வாடகை வாங்கும் ஊட்டுக்காரம்மா பேசியதை எழுத எனக்கு இன்னும் எழுத்து போதாது.

உங்கள் அத்தை மயிலாத்தாள் அன்றைக்குப் பஸ் ஏறும்போது, "நானில்லாம ரெண்டு நாள் தாங்குவீங்களா" என்றாள். "போ புள்ள, ஒரு பாரம் குறையும்" என்றேன். அவள் எடுத்துப் போனது ஒரு கட்டைப்பை. அந்த அளவுக்காவது ஊடு லேசாகியிருக்க வேண்டுமில்லீங்களா? பூட்டைத் திறந்தால் உள்ளே கால் வைக்க முடியவில்லை. ஒன்றுமே இல்லாதது இப்படிக் கனத்தால் அதற்கு இங்கிலீஷில் என்ன என்று கேட்டேன். "அதுக்கு வார்த்தை எதுக்குங்க, காங்கேயத்துக்குப் பஸ்ஸு இருக்குதல்லங்க" என்றான் சரவணக்குமார். அவனுக்கு முறை தெரியாது.

ஆகவே அத்தை தாராளமாக இருக்கட்டும். எனக்கு ஒரு குறையும் இல்லை. பேரன்களுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
மாமன் கிட்டுசாமி

பி.கு.: தபாலில் மூன்று நாள் ஆகும் என்றார்கள். அதுவரை தாங்காது, நானே கொண்டு வந்துவிட்டேன். நீங்கள் படிக்கும்போது எதிரில் மோர் குடித்துக்கொண்டிருப்பவன், "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க" என்பான், நம்ப வேண்டாம். அத்தையின் கட்டைப்பையை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். தூக்குவது நான்.