யானைப் பேனாவும் உப்பில்லாத ரசமும்

ஆதிமூலம் வீட்டில் பேசுவதை அடியோடு நிறுத்திவிட்டார். யாரும் கவனிக்கவில்லை.

சங்கடமே அதுதான். வாயாடி ஒருவன் வாயை மூடினால் தெருவுக்கே தெரியும். ஆதிமூலம் அந்த ரகம் இல்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து வீட்டில் அவர் புழங்கிய சொற்கள் மொத்தமே 'ம்', 'சரி', 'வேணாம்'. இதில் 'ம்' என்பது சொல்லா இல்லையா என்று பண்டிதர்கள் அடித்துக்கொள்ளட்டும். நமக்கு நேரமில்லை.

அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. மில்லில் தறி ஓட்டியவர். அந்த இரைச்சலில் எவனும் வாய் திறக்க மாட்டான். கையைக் காட்டுவான், புருவத்தைத் தூக்குவான், வேலை நடந்துவிடும். ஒருநாள் மில்லை மூடினார்கள். இரைச்சல் நின்றது. ஆதிமூலத்தின் பேச்சு மட்டும் திரும்பி வரவில்லை.

ரெட்டியார்பாளையத்தில் சொந்த வீடு. மகன் எழிலரசன் ஓசூரில் வேலை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான், அம்மாவுக்கு. "அப்பா எப்படி இருக்காரு?" என்பான். "இருக்காரு" என்பாள் சுலோசனா. அத்தோடு அப்பா முடிந்தார். மில் சிநேகிதர் இராமதாஸ் ஒருவர் இருந்தார். சாயங்காலம் இருவரும் டீக்கடை பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். அவரும் மகளோடு பிரான்சுக்குப் போய்விட்டார். இப்போது ஆதிமூலம் தனியாகப் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பேர் பேசாமல் இருப்பது வேறு. ஒருத்தர் பேசாமல் இருப்பது வேறு. பட்டவருக்குத்தான் தெரியும்.

சுலோசனாவுக்குப் பேச்சில் பஞ்சம் கிடையாது. ஆனால் அத்தனையும் காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் போய்க் கொட்டும். அந்தப் பக்கம் பதுருன்னிசா. காலையில் கோலம் போட்ட கையோடு ஆரம்பித்தால் குக்கர் கூப்பிடும்வரை ஓடும். புருஷனுக்கு மிஞ்சுவது: மாத்திரை போட்டீங்களா, கேட்டைச் சாத்துனீங்களா, நவுருங்க. இந்த 'நவுருங்க' பெருக்கும்போது சொல்வது. நாற்காலிக்கும் அதே மரியாதைதான்.

ஒருநாள் சுவரோரம் சுலோசனா வயிறு குலுங்கச் சிரித்தாள். ஆதிமூலம் ஜன்னல் வழியாகக் கேட்டார். இவள் சுவருக்கு இந்தப் பக்கம் கடைசியாக எப்போது சிரித்தாள் என்று யோசித்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை. அப்போதுதான் முடிவெடுத்தார். நான் வாயை மூடினால்தான் இவளுக்கு என் அருமை தெரியும்.

மூடினார்.

"மாத்திரை போட்டீங்களா?"

பதில் இல்லை.

"போட்டிருப்பீங்க" என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டு போய்விட்டாள்.

மத்தியானம் ரசத்தில் உப்பு இல்லை. ஆதிமூலம் நிமிர்ந்து பார்த்தார். அவள் கரண்டியோடு நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டிய இடம்தான். விரதம் தடுத்தது. குடித்துவிட்டு எழுந்து போனார். மறுநாளும் உப்பில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. உப்புப் போடக்கூட மறந்துபோகிற அளவுக்கு இவள் நம்மை மறந்துவிட்டாள் என்று மனசுக்குள் சேர்த்துவைத்துக்கொண்டார்.

பேசாதவன் பேசாமல் இருப்பது எவனுக்குத் தெரியும்? சொன்னால்தான் தெரியும். சொன்னால் விரதம் போயிற்று. ஆகவே எழுத வேண்டும். எழுதுவதும் கண்ணில் படுகிறாற்போல் எழுத வேண்டும். பால்பாயிண்டு பேனாவைக் காதில் செருகினால் பால் கணக்கு என்று நினைப்பாள். பார்த்ததும் அடிவயிறு கலங்குகிற மாதிரி ஒரு பேனா வேண்டும்.

பஸ் ஏறி டவுனுக்குப் போனார். பெரிய மார்க்கெட் பக்கம் ஹாஜா பாயின் பேனாக்கடை. விரதம் வீட்டுக்கு மட்டும்தான். கடையில் பேசலாம்.

"பேனா. பெரிசா."

"எம்மாம் பெரிசா அண்ணே?"

ஆதிமூலம் கையை விரித்துக் காட்டினார். தறி பிடித்த கை. ஹாஜா கையைப் பார்த்தார். ஒல்லியாகத் தங்கமுலாம் போட்ட பேனா ஒன்றை எடுத்துவைத்தார். அது ஆதிமூலத்தின் விரலிடுக்கில் பல்குத்தும் குச்சி மாதிரி நின்றது. அடுத்தது கொஞ்சம் தடிமன். அதுவும் சரிப்படவில்லை. ஹாஜா அடித்தட்டிலிருந்து துணி சுற்றிய ஒன்றை எடுத்தார். கன்னங்கரேல் என்று இருந்தது. அரை முழம் நீளம்.

"இது இன்னா பாய், ஒலக்கையா?"

"யானைப் பேனாண்ணே. அந்தக் காலத்து பிரெஞ்சு முசியேங்க இப்டிதான் ஸ்டிலோ பேனா வெச்சிருப்பாங்க. வெளிநாட்டுப் பேரு போட்டா பத்து மடங்கு சொல்லுவான். இது நம்மூரு கடைசல் வேல. ரெண்டு பேரு சினிமாவுக்குப் போற காசுதான்."

ரெண்டு பேர் சினிமாவுக்குப் போயும் வெகு காலம் ஆயிற்று. ஆதிமூலம் அதைச் சொல்லவில்லை.

ஹாஜா நிப்பை மைப்புட்டியில் தொட்டுக் கொடுத்தார். "எதுனா எழுதிப் பாருங்க."

எழுதினார். நிப்பு வழுக்கிக்கொண்டு போயிற்று. ஹாஜா எட்டிப் பார்த்தார்.

"'சுலோசனா.' எல்லாரும் அவுங்கவுங்க பேர எழுதிப் பாப்பாங்க. இது யாருண்ணே?"

"வூட்ல."

ஹாஜா பேனாவை வாங்கினார். கழுத்தைத் திருகிக் கழற்றி, இங்க் பில்லரால் வயிறு நிறைய மை ஊற்றிக் கொடுத்தார்.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சிக்குங்க. பாதி தீந்ததும் ரொப்பிடணும். நெறஞ்சிருந்தா சமத்தா இருக்கும். உள்ள காலியாயிடுச்சின்னா கை சூட்டுக்குக் கக்கிடும். கைல புடிச்சிக்கிட்டு ரொம்ப யோசிக்காதீங்க. நெனச்சத எழுதிட்டு மூடிடணும்."

"சரி" என்றார் ஆதிமூலம்.

சட்டைப் பையில் பாதிதான் இறங்கியது. பஸ்ஸில் கண்டக்டர், "பெரியவரே, டார்ச் லைட்டு நல்லாருக்கே" என்றார். "பேனா" என்றார் ஆதிமூலம். "பேனாவா!" என்று அதிசயப்பட்டு, வாங்கிப் பார்த்து, எடை போட்டு, என்ன விலை, எங்கே வாங்கியது என்று இறங்கும்வரை விசாரித்தார் கண்டக்டர். அந்த மாதத்தில் ஆதிமூலத்தோடு யாராவது இவ்வளவு நேரம் பேசியிருந்தால் அது இவர்தான்.

வீட்டுக்கு வந்தார். கண்ணாடியை மாட்டினார். சுலோசனா பார்க்கப் பார்க்கப் பேனாவைத் திறந்தார். மூடியைக் கழற்றவே கொஞ்ச நேரம் பிடித்தது.

"என்னங்க அது? சப்பாத்திக் கட்டையா?"

எழுதி நீட்டினார். சுலோசனா சீட்டைத் தூரமாகப் பிடித்தாள், கிட்டே பிடித்தாள்.

"என் கண்ணாடியக் காணோம். இருங்க."

சுவருக்குப் போய்விட்டாள். ஆதிமூலம் எழுந்து ஜன்னலுக்குப் போனார். கத்திக் கூப்பிட முடியாது. விரதம்.

"பதுரு, இத கொஞ்சம் படி."

"'இன்று முதல் நான் மௌன விரதம்.' அக்கா, அண்ணன் மௌன விரதமாம்."

"இன்னிலேருந்தா? அப்ப இத்தினி வருஷமா இருந்தது என்னாவாம்?"

"அது ஒத்திகைக்கா."

மறுபடியும் சிரிப்பு. மறுபடியும் சுவருக்கு அந்தப் பக்கம்தான்.

மனுஷன் விடவில்லை. மறுநாள் சாப்பாட்டில் உட்கார்ந்து அடுத்த சீட்டை எழுதினார். அதுவும் சுவருக்குப் போயிற்று.

"'ரசத்தில் உப்பு இல்லை.' ஏன்க்கா, கேட்டு வாங்கிப் போட்டுக்கறதுக்கு அண்ணனுக்குக் கையில்லையா?"

"கை இருக்குது. கைல பேனா இருக்குது."

சுலோசனா திரும்பி வந்தாள். சீட்டை அவர் இலையோரம் வைத்தாள். அதன்மேல் ஒரு சிட்டிகை கல்லுப்பு வைத்தாள்.

"எழுத்துல கேட்டா எழுத்துலதான் போட முடியும். சாப்பிடுங்க."

சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துபோயிற்று. மீன்காரம்மா கேட்டில் நின்று, "ஐயா, ரசத்துக்கு உப்பு இல்லையாமே, கருவாடு வாங்கிக்கங்க" என்றாள். ஆதிமூலம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஊர் முழுக்க அவரைப் பற்றிப் பேசியது. அவரோடு பேசத்தான் ஆளில்லை.

சீட்டும் சுவருமாக ரெண்டு வாரம் ஓடியது. அப்புறம் ஒருநாள் பதுருன்னிசா தங்கச்சி வீட்டு விசேஷத்துக்குத் தவளக்குப்பம் போய்விட்டாள். சுவர் ஊமையாகக் கிடந்தது. சுலோசனா கூடத்தில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். ஆதிமூலம் மேஜையிலிருந்து பார்த்தார். தலை பாதிக்குமேல் வெளுத்திருந்தது. இது எப்போது நடந்தது என்று தெரியவில்லை.

இன்றைக்கு எழுதினால் நடுவில் ஆள் இல்லை. உள்ளதை எழுதிவிட வேண்டியதுதான்.

'உன்னோடு' என்று எழுதினார். பேசி எத்தனை நாளாயிற்று என்று முடிக்க வேண்டும். ஆனால் பேச்சை நிறுத்தினவன் அதைக் கேட்கலாமா? வேறு மாதிரி எழுதலாமா? பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு யோசித்தார். மையை ரொப்பி நாளாகியிருந்தது. ஹாஜா சொன்னது மறந்தே போயிருந்தது.

பேனா கக்கியது. கொஞ்சநஞ்சம் இல்லை. யானை அல்லவா.

வேறு தாள் எடுக்கப் போனவரிடம் சுலோசனா, "என்ன எழுதினீங்க, குடுங்க" என்றாள். கொடுத்தார்.

"உன்னோடுன்னு இருக்குது. அதுக்கப்புறம் எரும மாடு படுத்தாப்பல இருக்குது. உன்னோடு என்னா? உன்னோடு வாழ முடியாதா? உன்னோடு எங்க அக்கா வூட்டுக்கு வர முடியாதா?"

"கண்ணாடி இல்லாம எப்டி படிச்ச?" என்றார் ஆதிமூலம்.

 

சுலோசனா இடுப்பிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"வெரதம் முடிஞ்சிதா?"

"அப்ப எல்லாத்தயும் படிச்சியா?"

"படிச்சேன்."

"அப்புறம் ஏன் பதுரு கிட்ட போன?"

"நீங்க ஒரு வார்த்த, போவாதேன்னு சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

ஆதிமூலத்துக்குக் கோபம் வந்தது. வெகு காலமாக உள்ளே இருந்த கோபம். "எங்கிட்ட நீ பேசறதே இல்ல. எல்லாம் சுவருகிட்டதான்."

"அந்தச் சுவரு பதில் சொல்லுது."

  மேலும் சொன்னாள், கீரையைப் பார்த்துக்கொண்டே.

"மொத நாளே தெரிஞ்சி போச்சி. ம்முனு கூட இல்ல. சரி, உப்பு போடாம வெப்போம், உப்பில்லன்னாவது சொல்லுவாருன்னு பாத்தேன். குடிச்சிட்டு எழுந்து போயிட்டீங்க. மறுநாளும் வெச்சேன். அன்னிக்கும் குடிச்சிட்டுப் போயிட்டீங்க. உங்க கூட சேந்து நானும்தான் குடிச்சேன், அந்தக் கண்றாவிய."

ஆதிமூலம் மை படிந்த கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வந்து தரையில் உட்கார்ந்தார். முட்டி மடக்கித் தரையில் உட்கார்ந்தும் வருஷக்கணக்கு இருக்கும். ஒரு கொத்துக் கீரையை இழுத்துக்கொண்டார்.

"நல்லாவே இல்ல, அந்த ரசம்" என்றார்.

அவள் சிரித்தாள். சுவருக்கு இந்தப் பக்கம்.

அவ்வளவுதான், மனுஷன் திறந்துகொண்டார். தறி நூல் அறுந்த கதை, இராமதாஸ் ஏர்போர்ட்டில் அழுத கதை, பஸ் கண்டக்டர் டார்ச் லைட் என்ற கதை, மகன் போனில் தன்னைக் கூப்பிடாத கதை. சுலோசனா "ம்" என்றாள். "அப்புறம்" என்றாள். கீரை தீர்ந்தது. சமையல் ஆயிற்று. சாப்பாடு ஆயிற்று. ஆதிமூலம் தீரவில்லை. பாத்திரம் கழுவுகிற இடத்திலும் பின்னாலேயே நின்று, மில் மானேஜரின் மாமனார் வரைக்கும் போய்விட்டார்.

காலையில் எழுந்ததும் இன்னும் நிறைய மிச்சம் இருந்தது. மேஜையில் காபி இருந்தது. பக்கத்தில் யானைப் பேனா. அதற்கடியில் ஒரு சீட்டு.

"இது இன்னா?" என்று சமையல்கட்டைப் பார்த்துக் கேட்டார்.

சுலோசனா உதட்டில் விரல் வைத்தாள்.

"என் கண்ணாடியப் பாத்தியா?"

இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். டி.வி. மேலே தேடினார். சட்டைப் பையில் தேடினார். சுலோசனாவின் இடுப்பில் முடிச்சு வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்ததை அவர் கவனித்திருக்கலாம். கவனிக்கவில்லை. சீட்டில் எழுத்தெல்லாம் எறும்பாக ஓடியது. வேறு வழியில்லை. சுவருக்குப் போனார்.

"பதுரு."

பதுருன்னிசா துணி காயப்போட்ட கையோடு திரும்பினாள். "யா அல்லா. அண்ணனா கூப்ட்டீங்க?"

"இத கொஞ்சம் படிச்சி சொல்லும்மா."

அவள் வாங்கினாள். மனசுக்குள் படித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அண்ணே, இது உங்களுக்கு எழுதினது இல்ல. எனக்கு."

"என்னா எழுதியிருக்கா?"

"'பதுரு, நேத்து முழுக்க நான் கேட்டாச்சு. இன்னிக்கு உன் முறை.'"