மூன்று மணி முட்டைக் கூட்டம்

நீலம், பச்சை, வெள்ளை என்று பெயர் வைத்ததுதான் லாய் வென்ச்சிங் செய்த முதல் தப்பு.

தைவானின் தைச்சூங் நகரைச் சுற்றி நூற்றுப் பன்னிரண்டு சில்லறைக் கடைகள் நடத்தும் நிறுவனம் அவளுடையது. அதாவது, அவள் வேலை பார்ப்பது. கடைகளின் விற்பனைத் தரவுகளை அலசிச் சொல்லும் மென்பொருளை விற்க மூன்று கம்பெனிகள் வந்திருந்தன. எது நல்லது என்று ஒப்பிட்டுச் சொல்லும் பொறுப்பு வென்ச்சிங்கின் தலையில் விழுந்தது. கம்பெனிப் பெயரைப் போட்டால் பாரபட்சம் வந்துவிடும் என்று அவளாகவே ஒரு விதி வைத்துக்கொண்டு, மூன்றுக்கும் நிறங்களைப் பெயராகச் சூட்டினாள். எங்கள் ஊரில் நிறத்தைச் சொன்னால் கட்சிதான் ஞாபகம் வரும் என்பது அவளுக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

ஒரே நாளில் அலுவலகம் மூன்றாக உடைந்தது. மென்பொருளைக் கண்ணால்கூடப் பார்க்காத கணக்குப் பிரிவு மொத்தமாகப் பச்சைக்குக் கை தூக்கியது. உயிரே போனாலும் நீலம்தான் என்றார்கள் கொள்முதல் பிரிவில். வெள்ளை பரவாயில்லையே என்று வாய்விட்ட இரண்டு பேரோடு மதியம் யாரும் சேர்ந்து சாப்பிடவில்லை.

"ஏம்மா, சாஃப்ட்வேர் பாக்கச் சொன்னா தேர்தல் நடத்திட்டு இருக்கியா?" என்றார் பொது மேலாளர் ஃபான்.

வென்ச்சிங் அவசரமாக நிறங்களை அடித்துவிட்டுப் பழங்களுக்கு மாறினாள். மாம்பழம், கொய்யா, அன்னாசி.

"எங்களுக்கு ஏன் மேடம் மாம்பழம்?" மறுநாளே மாம்பழக் கம்பெனிக்காரர் வந்து நின்றார். "அது சீசன் பழம். எங்க சிஸ்டம் வருஷம் பூரா ஓடும்."

கொய்யாக்காரர் கடிதமே எழுதிவிட்டார். அன்னாசிக்காரர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. எந்தக் கடை திறந்தாலும் வாசலில் அதிர்ஷ்டத்துக்கு வைக்கிற பழம் அது. அவர் ஏன் பேசப்போகிறார்?

ஃபான் வென்ச்சிங்கைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை. ஆனால் நல்ல செய்தியைச் சொல்லும்போதும் கெட்ட செய்தியைச் சொல்லும்போதும் ஒரே மாதிரி சிரிப்பார்.

"டைரக்டர்கள் இதுல கண்ணா இருக்காங்க. நீ கைகாட்டுறதைத்தான் வாங்கப்போறோம். தப்பாப் போச்சுன்னு வெச்சுக்கோ, யுன்லின் கிடங்குல சரக்கு எண்ண ஒரு ஆள் வேணும்னு கேட்டுட்டே இருக்காங்க."

யுன்லின் கிடங்கைச் சுற்றிப் பூண்டு வயல்தான். பேச்சுத்துணைக்கு ஒரு பூனை இருப்பதாகக் கேள்வி. வென்ச்சிங் போன மாதம்தான் தைச்சூங்கில் வீடு வாங்கி, திரைச்சீலைக்கு அளவு கொடுத்திருந்தாள்.

சோதனை ஆரம்பமானது. எல்லாக் கடைகளின் மூன்று மாத பில்களும் மூன்று மென்பொருளுக்குள்ளும் போயின.

"உங்க டேட்டா மாதிரி சுத்தமான டேட்டா உலகத்துல எங்கயும் கிடைக்காது மேடம்," என்று மாம்பழக்காரர் உருகினார். "மத்த நாட்டுல பில்லே வாங்காமப் போயிடுவான். இங்க ஒவ்வொரு பில்லும் ஒரு கவர்மென்ட் லாட்டரிச் சீட்டு! ஒத்தை மிட்டாய் வாங்கினாலும் பில்லு எங்கேன்னு கேக்குறான். ஒரு பில்லுன்னா ஒரு ஆளு. கண்ணை மூடிட்டு எண்ணலாம்."

மற்ற இருவரும் முதல் தடவையாக மாம்பழத்தோடு ஒத்துப்போனார்கள். வென்ச்சிங்கும் தலையாட்டினாள். அடுத்த குலுக்கலுக்கு அவள் கைப்பையிலேயே அறுபது பில் காத்திருந்தது.

அதிசயம் என்னவென்றால், மூன்று மென்பொருளும் ஒரே இடத்தில் விரலை வைத்தன. ஃபெங்யுவான் கடை. வார நாட்களில், பிற்பகல் மூன்று மணி. கால் மணி நேரத்துக்குள் முப்பத்தொரு பில். ஒவ்வொரு பில்லிலும் ஒரே ஒரு டீ முட்டை. தேயிலைத் தண்ணீரில் கொதிக்கப் போட்டுப் பானையோடு வைத்திருப்போமே, அது. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

"முப்பத்தொரு பேரு, ஆளுக்கு ஒரு முட்டை," என்று வென்ச்சிங் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "குடிக்க ஒண்ணுமே வாங்கலியே. தொண்டையை அடைக்காது?"

ஒரு விஷயம் ஏன் என்று தெரியாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. அன்று இரண்டு வேளை இறங்கவில்லை.

"பக்கத்துல ஸ்கூல் விடுற நேரம்," என்றது மாம்பழம். "பசங்க கூட்டம். ஒரே ஒரு கவுன்டர் இருக்கறதால பாதிப்பேர் திரும்பிப் போறாங்க. ரெண்டு கவுன்டர் சேத்துப் போடுங்க."

போட்டார்கள். மறு வாரமே முப்பத்தொன்று நாற்பத்தாறு ஆனது. மாம்பழக்காரர் கேக் வாங்கிக்கொண்டு வந்தார். கேக்கைச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் வென்ச்சிங்குக்கு உறைத்தது.

"ஸ்கூலுக்கு லீவு விட்டு நாலு நாள் ஆகுதே!"

மாம்பழக்காரர் காலிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்து கொய்யா. கொய்யாவுக்கு உலகத்தில் யார்மேலும் நம்பிக்கை கிடையாது. "நாப்பத்தாறு பில்லையும் போட்டது ஒரே கை, ஒரே வேகம். மனுஷங்க வரிசையில வந்தா இப்படி இருக்காது. கடை ஆளுங்க ஏதோ தில்லுமுல்லு பண்றாங்க."

வென்ச்சிங் தணிக்கைக்கு இரண்டு பேரை அனுப்பினாள். அவர்கள் பானைக்குள் தலையை விட்டு முட்டைகளை எண்ணினார்கள். நாற்பத்தாறு முட்டை போயிருந்தது, நாற்பத்தாறு பில் இருந்தது, கல்லாவில் ஒரு காசு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கடை மேனேஜர் ஜியென் போனில் பொரிந்து தள்ளினார்.

"பன்னெண்டு வருஷமா இந்தக் கடையிலதான் கெடக்கேன். என்னைப் போயி முட்டை திருடன்னு சொல்றீங்களா அக்கா?"

"உங்களைச் சொல்லல ஜியென். மூணு மணிக்கு அப்படி யாருதான் வர்றாங்க, அதைச் சொல்லுங்களேன்."

"மூணு மணிக்கு நான் பேங்குக்குப் போயிடுவேன். இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்!"

அதோடு ஃபெங்யுவான் கடை தலைமை அலுவலகத்தோடு பேச்சு வார்த்தையை நிறுத்திக்கொண்டது. பிற்பகலில் பில் போடுவது ஹோவா என்ற வியட்நாம்காரப் பெண்மணி. அந்த ஊர்க்காரருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஆறு வருடம், கடையில் சேர்ந்து ஆறு மாதம். அலுவலக வண்டி கண்ணில் பட்டால் உடனே சரக்கறைக்குள் போய்விட வேண்டும் என்று ஜியென் அவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்தார்.

எதுவானாலும் கண்ணால் பார்த்துவிடுவது என்று வென்ச்சிங் கிளம்பினாள். லிஃப்டில் ஃபான் நின்றிருந்தார்.

"ஃபெங்யுவானுக்கா? வண்டியில ஏறு. எனக்கும் அந்தப் பக்கம் கடைகளைப் பாக்கற வேலை இருக்கு."

"அங்க நிஜமாவே கூட்டம் வருதா சார்?"

"என்னம்மா இப்படிக் கேக்குற? நான் போறப்பல்லாம் வரிசை வாசல் வரைக்கும் நிக்கும். ரெண்டு தடவை சண்டையே வந்துது."

இரண்டு ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஹோவா சரக்கறைக்குள் மறைந்தார். ஜியென் பேங்குக்குப் போகாமல், தலைமை அலுவலகத்தை முறைப்பதற்கென்றே கல்லாவில் நின்றார். மூன்று மணி ஆனது, மூன்றேகால் ஆனது. ஒருத்தர் வந்து குடை வாங்கிப் போனார். முட்டைப் பானை தன்பாட்டுக்குக் கொதித்துக்கொண்டிருந்தது.

"ஆச்சரியமா இருக்கே," என்றார் ஃபான், உண்மையாகவே ஆச்சரியப்பட்டு. "நேத்துகூடக் கூட்டம் இருந்துதே."

வென்ச்சிங்குக்குத் தலை சுற்றியது. மறுநாள் கணினியைத் திறந்தால் மூன்று மணிக்கு மறுபடியும் நாற்பத்தாறு.

"தலைமை அலுவலகம் வர்றதை முன்னாடியே தெரிஞ்சுகிட்டு நிறுத்திட்டாங்க," என்றது கொய்யா. மாம்பழம் மழை மேல் பழி போட்டது. அன்று மழை பெய்யவில்லை. ஒருத்தர் குடை வாங்கியதை வைத்து மாம்பழமாகக் கண்டுபிடித்த மழை அது.

அன்னாசி மட்டும் நிதானமாகப் பேசியது. "பெரிய வண்டி வாசலை அடைச்சுகிட்டு நின்னுது. வந்தவங்க அப்படியே திரும்பிட்டாங்க. ஆசை இருக்கு, இடம்தான் இல்ல. எதிர்த்தாப்பல இன்னொரு கடை தொறங்க."

கேட்கிறதுக்கு நியாயமாக இருந்தது. வெள்ளிக்கிழமை வென்ச்சிங் கண்ணை மூடிக்கொண்டு அன்னாசி என்று எழுதிக் கொடுத்தாள். டைரக்டர்கள் ஃபானைக் கேட்டார்கள். "அந்தக் கூட்டத்தை நானே பாத்திருக்கேன்," என்று அவர் நெஞ்சைத் தட்டினார். அன்னாசியை வாங்கினார்கள். இரண்டே மாதத்தில் எதிர்ப்பக்கம் புதுக்கடையும் எழும்பிவிட்டது.

திறப்பு விழாவை மூன்று மணிக்கு வைத்தது வென்ச்சிங்தான். கூட்டத்தை டைரக்டர்கள் கண்ணாலேயே பார்க்கட்டும் என்ற ஆசை. வாசலில் சிங்க நடனம், பட்டாசு, சிவப்புத் துணி கட்டிய அன்னாசிகள். உள்ளே புதுப் பானையில் இருநூறு முட்டை. கை வேகமானவர் என்று ஹோவாவை இந்தக் கடைக்கு மாற்றியிருந்தார்கள். இனி ஒளிய வேண்டாம் என்று வென்ச்சிங்கே அவரிடம் சொல்லியிருந்தாள்.

ஃபான் கோட்டும் டையுமாக ரிப்பனை வெட்டினார். எல்லோரும் கைதட்டிவிட்டுத் தெருவைப் பார்த்தார்கள்.

மூன்று ஐந்து. மூன்று பத்து. தெருவில் ஒரு நாய் நடந்து போனது. எதிரே பழைய கடையிலும் ஈ ஆடவில்லை. ஒரு டைரக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொருவர் வென்ச்சிங்கைப் பார்த்தார். சிங்கத்துக்குள் இருந்த இரண்டு பேரும் ஆடலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள். மூன்று மாதமாக மண்டையைக் குடைந்த கேள்விக்கு விடை தெரியாமலே பூண்டு வயலுக்குப் போகப்போகிறோம் என்பதை நினைத்தால்தான் வென்ச்சிங்குக்கு அழுகை வந்தது.

"எங்கம்மா உன் நாப்பத்தாறு பேரு?" ஃபானின் காதெல்லாம் சிவந்துவிட்டது. "நாப்பத்தாறு வேண்டாம், ஒரே ஒருத்தனைக் காட்டு பாப்போம்! மூணு டைரக்டர் முன்னாடி என் மானத்தை வாங்கிட்டியே. திங்கக்கிழமை காலையில நேரா யுன்லினுக்குப் போயிடு."

வென்ச்சிங் தெருமுனை வரைக்கும் எட்டிப் பார்த்தாள்.

அப்போது கல்லாவுக்குப் பின்னாலிருந்து ஹோவா எட்டிப் பார்த்தார். ஃபானைக் கண்டதும் முகம் மலர, முட்டைகள் நிரம்பிய இரண்டு பைகளைத் தூக்கிக் காட்டினார்.

"அட, நீங்களா ஐயா! கோட்டு போட்டதுல அடையாளமே தெரியல. பூங்காவுல உங்க சதுரங்கக் கூட்டாளிங்க பசியோட காத்திருப்பாங்களே, நாப்பத்தாறையும் எடுத்து வெச்சுட்டேன். எப்பவும்போல லாட்டரிக்கு ஒரு முட்டைக்கு ஒரு பில்லுதானே?"