தொட்டபெட்டாவில் பட்டு நூல்

பூகோளம் சொல்லிக்கொடுக்கிற வாத்தியாரை நம்பி யாரும் ஊரைவிட்டுக் கிளம்பக்கூடாது. இதைச் சொல்ல எனக்கு முழு உரிமை உண்டு, அந்த வாத்தியார் நான்தான். காஞ்சிபுரத்தில் ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் வருஷக்கணக்காக இமயமலையைச் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்து காட்டி வந்தவன் நான். வரையும்போது தும்மல் வந்தால் சிகரம் கொஞ்சம் உயர்ந்துவிடும், அவ்வளவுதான் வித்தியாசம். என் சொந்தக் காலால் நான் ஏறியிருந்த ஆக உயரமான இடம் தென்னேரி ஏரிக்கரை. (அதிலிருந்தும் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்கினேன்.)

எனக்கு ஒரே மகள், பாக்கியம். அவள் சின்னப் பெண்ணாக இருக்கும்போதே என் மனைவி காலமாகிவிட்டாள். பள்ளிக்கூட நேரம் போக நான் பார்த்துக்கொண்டேன். நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரமெல்லாம் அடுத்த வீட்டில் என் தம்பியின் தறிக்குழி ஓரத்திலேயே வளர்ந்தாள். கல்யாணம் பேசும்போது தூரத்துச் சம்பந்தங்களை எல்லாம் தட்டிக் கழித்துவிட்டு பக்கத்து ஐயம்பேட்டையிலேயே மாப்பிள்ளையைப் பிடித்தேன். நினைத்தால் சாயங்காலம் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்பது என் யோசனை. கல்யாணமான மறுவருஷமே மாப்பிள்ளைக்கு உதகமண்டலத்தில் ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா வேலை கிடைத்துவிட்டது. அவள் போன பிறகும் நான் வெகுநாள் இரண்டு பேருக்கு உலை வைத்தேன். மிஞ்சியதை மறுநாள் காலையில் பழையதாகச் சாப்பிட்டுவிட்டு, மறுபடியும் இரண்டு பேருக்கு அரிசி களைவேன்.

கோடை விடுமுறையில் ஒரு முடிவோடு கிளம்பினேன். மலைக்குளிர் பெண்ணுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி அவளை ஊருக்கு அழைத்து வந்துவிட வேண்டும். மாப்பிள்ளை கீழே மாற்றல் வாங்கிக்கொண்டு வந்து கூட்டிக்கொள்ளட்டும். இதற்காகவே அரக்கோணத்தில் ரயில் ஏறினேன். மேட்டுப்பாளையத்திலிருந்து அந்தப் பல்சக்கர வண்டி மலையைக் கவ்விக் கவ்வி ஏறிய நேரம் முழுவதும் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். எதிரே இருந்தவர், "அருவி பாருங்க, அருவி பாருங்க" என்று எழுப்பினார். தியானத்தில் இருப்பதாகக் கையைக் காட்டினேன்.

குளிரில் நீலம் பாரித்து, அழுதுகொண்டு நிற்கும் மகளை எதிர்பார்த்துப் போனேன். அவளோ புடவைக்கு மேல் மாப்பிள்ளையின் பழைய கோட்டை மாட்டிக்கொண்டு, வாசலில் முட்டைக்கோஸ் பிடுங்கிக்கொண்டிருந்தாள். கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. ஜுரம் என்று முடிவு செய்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

"ஜுரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கறேன் நைனா. நாளைக்கு உன்னை தொட்டபெட்டாவுக்குக் கூட்டிக்கினு போறேன். மேல நின்னா உலகமே தெரியும்."

மாப்பிள்ளை கொஞ்சம் கவலைப்பட்டார். "ஞாயித்துக்கிழமை போலாம் மாமா. நானும் கூட வரேன். திடீர்னு மூடுபனி வந்துரும்."

"மலையெல்லாம் நமக்குப் பாடம் மாப்ளே" என்றேன் நான்.

சொல்லிவிட்டேன். ஆனால் வழி தப்பினால்? பூகோள வாத்தியார் மலையில் வழி கேட்டு நிற்பதா? அப்போதுதான் அந்த யோசனை வந்தது. எங்கள் குடும்பத்தில் தறிக்குப் பாவு நீட்டும்போது, அதாவது நீளவாட்டு இழைகளை இழுத்துக் கட்டும்போது, இடம் தப்பாமல் இருக்க, வேறு நிறத்தில் ஓர் இழையை அடையாளமாக முடிந்து வைப்பார்கள். தம்பி பாக்கியத்துக்கென்று கொடுத்தனுப்பிய சாமான்களில் ரவிக்கை ஓரம் தைக்க ஒரு கண்டு சிவப்புப் பட்டு நூல் இருந்தது. அதை எடுத்துத் துண்டு துண்டாக நறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். நெசவாளி வீட்டுப் புத்தியும் படித்த புத்தியும் சேர்ந்தால் எப்படி என்று என்னையே மெச்சிக்கொண்டு தூங்கினேன்.

மறுநாள் மூன்று சட்டை, அதன்மேல் சால்வை, தலைக்கு மப்ளர், காலுக்கு மாப்பிள்ளையின் பூட்ஸ் (நுனியில் காகிதம் அடைத்தது), கையில் குடை. அவள் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். அப்பன்தான் முன்னால் நடக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததால், வழி தெரிந்தவள் பின்னாலிருந்து "இடது பக்கம் நைனா... அது இல்ல, அது மாட்டுத்தடம்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். திருப்பம் வரும்போதெல்லாம் பூட்ஸைச் சரிசெய்வதுபோல் குனிந்து, ஒரு செடியில் நூலைச் சுற்றிவிடுவேன். முடிச்சுப் போட்டால் நேரமாகும், அவள் கண்டுபிடித்துவிடுவாள். அதனால் சும்மா சுற்றி மட்டும் விட்டேன்.

"பூட்ஸு ரொம்பப் பெருசா நைனா?"

"காத்து வாங்கறதுக்குக் கழட்டி மாட்டறேம்மா."

உச்சியைப் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும். நான் வரைந்ததெல்லாம் கூரை ஓடுகளை அடுக்கியதுபோல் இருக்கும். அங்கே மலைக்குப் பின்னால் மலை, அதற்குப் பின்னால் நீலமாக இன்னொன்று, கடைசியில் எது மலை எது வானம் என்று தெரியவில்லை. சரிவில் புல் படுத்துப் படுத்து எழுந்தது. பள்ளங்களில் மட்டும் கரும்பச்சையாகக் காடு ஒடுங்கிக் கிடந்தது. ஓசையே இல்லை. இத்தனை வருஷம் பையன்களை இதையா மனப்பாடம் செய்யச் சொல்லிப் பிரம்பால் அடித்தேன் என்று இருந்தது.

"நம்ம ஊரு எந்தப் பக்கம் நைனா?"

யோசிக்காமல் கையை நீட்டினேன். (அது மலையாள தேசம் என்று பிறகு மாப்பிள்ளை சொன்னார்.) இதுதான் சமயம் என்று விஷயத்தையும் எடுத்தேன்.

"இங்க ஒத்தையா எப்டிம்மா இருக்கறே? அவரு ஆபீஸ் போயிட்டா பேச்சுக்கு யாரு இருக்காங்க? என்னோட ஊருக்கு வந்துரு."

அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். "எனக்கு என்னா நைனா கொறை? நீதான் ஒத்தையா இருக்கறே. அதைப் போயி எனக்குன்னு சொல்லிக்கினு இருக்கறே."

 எனக்குக் கோபம் வந்தது. குடையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"இரு நைனா, டப்பாவை மூடிக்கினு வரேன். வழி தெரியாது உனக்கு."

"எனக்குத் தெரியும்" என்று விறுவிறுவென்று இறங்கினேன்.

முதல் திருப்பத்தில் நூல் இல்லை. இரண்டாவதில் இல்லை. மூன்றாவதைத் தேடும்போது கீழேயிருந்து வெள்ளையாக ஏதோ ஏறி வந்து என் பூட்ஸை விழுங்கிற்று. அப்புறம் குடையை. நீட்டினால் என் கை முழங்கையோடு நின்றது. அப்போது சற்றுத் தள்ளிச் சிவப்பாக ஏதோ தெரிந்தது. நூல்! ஓடினேன். அது நூல் இல்லை, செக்கச்செவேலென்று பூக்கும் ஒரு மலைமரத்தின் மிச்சப் பூ. அதற்கப்பால் இன்னொரு சிவப்பு. அதுவும் பூ. இப்படி ஒவ்வொரு பூவாக நம்பி நம்பி, வழியே இல்லாத ஒரு சரிவில் போய் நின்றேன்.

"பாக்கியம்!" என்று கத்தினேன். மூடுபனி அதை வாங்கி வைத்துக்கொண்டது. அவள் பின்னால் வந்திருப்பாள், என்னைத் தேடி இதே சரிவில் கால் வைத்திருப்பாள், வழுக்கியிருப்பாள் என்று தோன்றியதும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் தனியாக இருப்பது பழகிய விஷயம். அங்கே சுவராவது இருக்கும். இங்கே தனிமைக்கு ஓரமே இல்லை. கூப்பிட அவள் பெயரைத் தவிர எனக்கு வேறு பெயரும் தெரியவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

எதிரே கறுப்பாக ஒருவர் கம்பளி போர்த்தி நிற்பது தெரிந்தது. கை கூப்பினேன். "ஐயா, என் பொண்ணு, கோட்டு போட்டுக்கினு இருக்கும், இந்தப் பக்கம் பாத்தீங்களா? நான் காஞ்சிபுரத்திலே வாத்தியார்..." அவர் பதில் பேசவில்லை. மரியாதை போதவில்லையோ என்று எழுந்து நின்று மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.

"நைனா, எருமையாண்ட என்னா பேசிக்கினு இருக்கறே?"

மகள் நின்றாள், டப்பாவோடு, முழுசாக. எருமை மூச்சு விட்டுவிட்டு நகர்ந்துபோயிற்று.

"எங்கடி போயிட்டே?" என்று அதட்டினேன். (குரல் பாதியில் உடைந்துவிட்டது. குளிர் என்று சொல்லிக்கொண்டேன்.)

"நான் வழியிலதான் வந்தேன். நீதான் காட்டுக்குள்ள போயிட்டே. கத்தின சத்தத்தை வச்சிக்கினு வந்தேன்." பிறகு நினைவு வந்தவளாக இடுப்பிலிருந்து ஒரு சிவப்புப் பந்தை எடுத்தாள். "இந்தா. உன் பையில எங்கியோ ஓட்டை போல. ஏறும்போது வழியெல்லாம் செடியில பட்டு சிக்கிக்கினு இருந்துது. சித்தப்பா பாத்தா உசுர வுட்டுடுவாரு. ஒண்ணு வுடாம பொறுக்கிட்டேன்."

தறி வீட்டில் வளர்ந்த பெண். கீழே கிடக்கும் பட்டைத் தாண்டிப் போகத் தெரியாது. விரல் நீளத் துண்டானாலும் எடுத்து இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும் என்று பழக்கியவர்கள் தம்பியும் நானும்தான்.

"கையைப் பிடிச்சிக்கோ" என்றாள். பிடித்துக்கொண்டேன்.

"உனக்குப் பயமா இல்லியாம்மா?"

"உன்னைக் காணோம்னதும் பயந்துட்டேன். மலைக்கு என்னா பயம்?"

 ஊருக்கு வா என்று அதன்பிறகு நான் கேட்கவில்லை. மலையில் இருக்க முடியாதவர் யார் என்பது எருமைக்கே தெரிந்துவிட்டது.

ராத்திரிச் சாப்பாட்டில் நூல் கதையை நானே உளறிவிட்டேன். பாக்கியம் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாமனார் எதிரே சிரிக்கக்கூடாதென்று மாப்பிள்ளை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு மட்டும் குலுங்கியது. மூன்றாம் நாள் தனியாக ரயில் ஏறினேன்.

அது நடந்து சில வருஷங்கள் ஆகின்றன. இன்றும் மார்கழிக் காலையில் கொஞ்சம் பனி மூடினால், பால் வாங்கப் போகிற நான் பாதி வழியில் நின்று அவள் பெயரைச் சொல்லிவிடுகிறேன். பால்காரர் பழகிக்கொண்டார்.

வருஷத்துக்கு ஒருமுறை மலைக்குப் போகிறேன். பாக்கியத்துக்கு ஒரு பெண் பிறந்து, பேசவும் நடக்கவும் கற்றுக்கொண்டுவிட்டாள். வாசலுக்கு நான் செருப்பு மாட்டக் கிளம்பினாலே உள்ளேயிருந்து பாக்கியத்தின் குரல் வரும்: "ஏ குட்டி, தாத்தா கையை வுடாதே! எருமையாண்ட போய் வழி கேப்பாரு!" பேத்தி ஓடி வந்து என் விரலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வாள். கடைத்தெரு வரைக்கும் விடமாட்டாள். எதிரே வருகிறவர்களிடமெல்லாம், "தாத்தாவுக்கு வழி தெரியாது" என்று அறிவிப்பாள். நான் மறுப்பதில்லை.

காஞ்சிபுரத்தில் எனக்கு எல்லாத் தெருவும் தெரியும். அதனால் அங்கே யாரும் கையைப் பிடிப்பதில்லை.